அகலம் படகில், உயரம் போனில்

ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கண்ணாடிக்காரம்மா. கூட்டலும் கழித்தலும் வந்துவிட்டன. பெருக்கல் வருவதற்குள் கிளம்பிவிட்டாள். "மிச்ச வாழ்க்கைக்கு அந்த ரெண்டே போதும்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று இன்றைக்கும் சொல்வாள். பக்கத்தில் படித்தவர்கள் யாராவது நின்றால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.

பதினாறு வயதில் ஒரு கண்ணாடிக் கடையில் தரை கூட்டச் சேர்ந்தாள். முதலாளி குப்பையில் போட்ட துண்டுகளை எடுத்து வைத்து, மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் வெட்டிப் பழகினாள். விரலில் ரத்தம் வராத நாள் கிடையாது. இரண்டே வருஷத்தில் அவள் போட்ட கோட்டில் கண்ணாடி தானாகப் பிளக்க ஆரம்பித்தது. இன்று அவளுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை, கண்ணாடி வெட்ட நான்கு மேசை, ஒரு லாரி. ஊரில் பாதி வீட்டுக்குள் வெயில் நுழைகிறதென்றால் அது இவள் வெட்டிய கண்ணாடி வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். இதை யாரும் மறந்துவிடக் கூடாதே என்று தானே அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

அவள் இடுப்பில் எந்நேரமும் ஒரு டேப் தொங்கும். பட்டறையில் யார் வேண்டுமானாலும் வெட்டலாம், தேய்க்கலாம், தூக்கலாம். அளவெடுப்பது மட்டும் அவள். மருமகள் கைவேலையில் அவளுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாதவள். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷமாக மேசையை விட்டு அவளால் நகர முடியவில்லை.

"வெட்டத் தெரிஞ்ச கைக்கு அளக்கத் தெரியாதா அத்தை?"

"தெரியும்மா. ஆனா அளக்கறதுக்குக் கை மட்டும் போதாது, பார்வை வேணும்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறது நீங்கதான், நான் இல்ல."

இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கும். மகன் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அந்த வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்பது அவன் அனுபவம்.

அப்போதுதான் அந்த மேஸ்திரி வந்தார். ஏரிக்கு அக்கரையில் மேட்டின் மேல் ஒரு பழைய கட்டடத்தை நூலகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏரியைப் பார்த்தபடி ஆறு ஜன்னல். கனமான, லேசாகப் பச்சையோடும் கண்ணாடிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பச்சையைச் செய்கிற தொழிற்சாலை அதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. இவள் பட்டறையில் ஆறு ஷீட் இருந்தது. ஏழாவது எங்கே தேடினாலும் கிடைக்காது.

"ஆறுக்கு ஆறுதான் இருக்குன்றீங்க. ஒண்ணு தப்பிப்போச்சுன்னா?" என்று மேஸ்திரி இழுத்தார்.

"தப்பிப்போறதா? என் பட்டறையிலயா?"

மருமகள் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன மாசம் ஒண்ணு போச்சே அத்தை" என்றாள்.

"அது அளவுல போகல. உன் புருஷன் ரிவர்ஸ் எடுத்ததுல போச்சு!"

மகன் லாரியின் முன்சக்கரத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்தான்.

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சூடேறிவிட்டது. டேப்பை இடுப்பிலிருந்து உருவி மேஸ்திரி மூக்குக்கு நேரே ஆட்டினாள். "கேட்டுக்கங்க மேஸ்திரி. இந்த ஆறுல ஒண்ணு அளவு தப்பிப்போச்சுன்னா, இந்த டேப்பை இவ கையில குடுத்துட்டு நான் மேசைக்குப் போயிடறேன். அப்புறம் சாகிற வரைக்கும் ஒரு ஜன்னல் அளக்க மாட்டேன்."

மருமகள் இப்போது தலையைத் தூக்கினாள். "மேஸ்திரி அண்ணே, நீங்கதான் சாட்சி."

வாயை விட்ட பிறகுதான் கண்ணாடிக்காரம்மாவுக்கு ஏரி ஞாபகம் வந்தது.

சிக்கல் இதுதான். பழைய கட்டடம், ஆறு ஜன்னலும் ஆறு அளவு. தச்சர் சட்டங்களை வியாழக்கிழமைதான் பொருத்தி முடிப்பார். வெள்ளி மதியத்துக்குள் வெட்டிய கண்ணாடி மேட்டுக்கு வந்தாக வேண்டும். சனிக்கிழமை திறப்பு. அளந்துவிட்டு அவளே திரும்பி வரலாமே என்றால், அந்தத் தச்சர் கையில் இழைப்புளி இருக்கிறவரை எந்தச் சட்டமும் அளந்தபடி இருக்காது. இவள் தண்ணீர் குடிக்கத் திரும்பினாலும், அழகுக்காக என்று சொல்லி ஒரு சீவு சீவிவிடுவார். ஆகவே கண்ணாடி வந்து உட்காரும்வரை ஒரு முக்காலி போட்டு அவரெதிரே காவல் இருந்தே தீர வேண்டும். எண்கள் மட்டும்தான் ஏரியைத் தாண்டிப் பட்டறைக்குப் போக முடியும்.

போவதற்கு வழி மூன்று. ஒன்று படகுக்காரர். நல்ல மனுஷன், ஆனால் அவர் கையில் கொடுத்த காகிதம் காய்ந்து சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு, கட்டடக் காவலாளியின் போன். மேட்டில் எங்கேயும் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் மூன்றாவது படியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிஷம் கிடைக்கும், அப்புறம் அறுந்துவிடும். மூன்று, கண்ணாடிக்காரம்மாவின் சொந்தத் தம்பி. ஏரியைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் போவான். சீட்டு கொடுத்தால் தொலைப்பான் என்பதால் மனப்பாடமாகத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் வழியில் தெரிந்த முகம் பார்த்தால் அங்கேயே இறங்கிவிடுகிற ஆள்.

மூன்று பேரிடமும் முழுப் பட்டியலையும் கொடுத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். போன வருஷம் இதே மேட்டில் வேறொரு வேலைக்கு வந்தபோது அவளுக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தாள். போன் பாதியில் அறுந்தது. சீட்டின் கீழ்ப்பாதி நனைந்து கூழானது. தம்பிக்குப் பாதிக்கு மேல் ஞாபகம் நிற்கவில்லை. முதல் பாதி மூன்று தடவை வந்து சேர்ந்தது, இரண்டாம் பாதி ஒரு தடவைகூட வரவில்லை. மூன்று பேரும் பேசி வைத்தாற்போல் ஒரே இடத்தில் கோட்டை விட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை அவள் யோசித்தாள். படித்தவர்களைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு இல்லை. பல் தேய்த்துக்கொண்டே யோசித்தாள், வாய் கொப்பளிப்பதற்குள் விடை வந்துவிட்டது. கிளம்பும் முன் மருமகளிடம் விவரம் சொல்லி வைத்தாள். மேட்டில் அளந்து முடித்ததும் காவலாளியையும் தச்சரையும் உட்கார வைத்து மறுபடி சொன்னாள். கேட்க ஆள் இருக்கும்போது சும்மா விட அவளுக்கு மனசு வராது.

"ஜன்னலுக்கு அகலம் ஒண்ணு, உயரம் ஒண்ணு. சரிதானே? படகுல அகலம் மட்டும் போகுது. போன்ல உயரம் மட்டும் போகுது. என் தம்பி கிட்ட ரெண்டையும் கூட்டின கூட்டு மட்டும் போகுது. முதல் ஜன்னல் அகலம் எண்ணூத்தி எண்பத்திநாலு மில்லிமீட்டர், உயரம் ஆயிரத்தி நானூத்திப் பன்னெண்டு. தம்பி தூக்கிட்டுப் போறது ரெண்டாயிரத்தி இருநூத்தித் தொண்ணூத்தாறு."

"அவ்ளோ பெரிய ஜன்னலா?" என்றான் காவலாளி.

"அது ஜன்னலே இல்லப்பா, கூட்டு! கேளு. படகுக்காரர் முழுகிட்டாருன்னு வை. என் மருமக கூட்டுல உயரத்தைக் கழிச்சா அகலம் வந்துடும். போன் அறுந்துடுச்சா? கூட்டுல அகலத்தைக் கழி, உயரம். என் தம்பி எங்கயாவது பேசிக்கிட்டு நின்னுட்டானா? நிக்கட்டும், அவன் வேணவே வேணாம். மூணுல எவன் ஒருத்தன் கவுத்தாலும் என் ஜன்னல் நிக்கும்."

"ரெண்டு பேர் கவுத்தா?" என்றார் தச்சர்.

"உங்க வாயில நல்லதே வராதா?"

அதோடு விடவில்லை. ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே ஆறையும் கூட்டி மொத்தம் என்று ஒரு எண் வைத்தாள். வழியில் எந்த எண்ணாவது கெட்டுப்போனால் மொத்தம் ஒத்துவராமல் இடிக்கும். இடித்தால் அந்த ஆளை நம்ப வேண்டாம். அகலச் சீட்டு படகுக்காரரின் சட்டைப் பைக்குப் போனது. தொட்டிப் படியில் ஏறி உயரங்களைக் கத்தினாள். ஆறும் சொல்லி, மொத்தமும் சொல்லி, "சரியா?" என்று கேட்ட கணத்தில் போன் செத்தது. அந்தப் பக்கம் கேட்டதா இல்லையா, ஆண்டவனுக்கே வெளிச்சம். தம்பி மட்டும் எண்களை மெட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே பஸ் ஏறினான். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் "ரெண்டாயிரத்தி இருநூத்தித் தொண்ணூத்தாறு" என்றானாம். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முதல் பஸ்ஸில் தம்பி திரும்பி வந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடு ஏறினான்.

"அக்கா, ஒரு எண்ணு தப்பல. ஆறும், மொத்தமும் அப்படியே ஒப்பிச்சிட்டேன். விடியக்காலமே உன் மருமக ஷீட்டை மேசையில ஏத்திட்டா."

கண்ணாடிக்காரம்மா முக்காலியிலிருந்து எழுந்து அவன் தலையைத் தடவினாள். அவ்வளவு சந்தோஷம்.

"நீ மறந்ததைக்கூட நான் சரி பண்ணிட்டேங்க்கா."

தடவிய கை நின்றது. "என்னத்தடா மறந்தேன்?"

"கண்ணாடி சட்டத்தைவிட மூணு மில்லி கம்மியா இருக்கணும்ல? நீ சட்டத்து அளவை அப்படியே குடுத்திருந்தே. நானும் உன் பட்டறையில மூணு வருஷம் இருந்தவன்தானே. ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு கழிச்சுத்தான் சொன்னேன்."

மேட்டில் காற்று நின்றுவிட்டது போல் இருந்தது அவளுக்கு.

"டேய். கூட்டுலயாடா கழிச்சே?"

"எல்லாத்துலயும்."

"அந்த மூணை மருமக வெட்டும்போது கழிப்பாளேடா!"

"அவளும் கழிப்பாளா?" என்றான் தம்பி. அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது.

இதைக் கண்ணாடி வேலை தெரியாத எவனும் செய்திருக்க மாட்டான். காவலாளியை அனுப்பியிருந்தால் சொன்னதைச் சொல்லியிருப்பான், இல்லாவிட்டால் மறந்திருப்பான். வேலை தெரிந்தவன், பாசமுள்ளவன், அக்காவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மறக்கிறவனுக்கு அவளிடம் மருந்து இருந்தது. உதவி செய்கிறவனுக்கு?

அவனைத் திட்டக்கூட நேரமில்லை. படகும் போனும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் தம்பியின் கூட்டே தேவையில்லை. "போனை எடுப்பா!" என்று காவலாளியிடம் ஓடினாள். காவலாளி தலையைக் குனிந்தான். நேற்று அவ்வளவு உயரம் தூக்கிப் பிடித்துப் பழகிவிட்டு, இன்று காலை அதே ஜோரில் போனைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டிருந்தான். துண்டில் சுற்றி வெயிலில் வைத்திருந்தான்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அறுபத்திரண்டு படி இறங்கிப் படகுத்துறைக்கு ஓடினாள். முழங்கால் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

"ஏம்ப்பா, என் சீட்டைக் குடுத்தியா?"

"குடுத்தேம்மா" என்றார் படகுக்காரர்.

"நனையாம?"

அவர் துடுப்பைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், வானத்தையும் ஒரு தடவை பார்த்தார். "காகிதத்தைக் குடுத்துட்டேம்மா. எழுத்துதான் கொஞ்சம் ஏரியிலயே தங்கிடுச்சு."

அவ்வளவுதான். அகலம் ஏரியில் போயிற்று. மீதி இருப்பது போனில் சொன்ன உயரமும் தம்பியின் கூட்டும். கூட்டில் உயரத்தைக் கழித்தால் ஆறு அகலமும் மூன்று மூன்று குறைந்து வரும். மேசையில் இன்னொரு மூன்று போகும். அந்தப் பழைய சட்டங்களில் கண்ணாடி உட்காரும் பள்ளம் ஆழமில்லாதது. ஆறு மில்லி குறைந்தால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் நழுவும். ஒரு ஷீட் இல்லை, ஆறும் பாழ்.

மொத்தம் இடிக்குமே என்று ஒரு நப்பாசை வந்தது. இடிக்கும்தான். இடித்தால் மருமகள் என்ன செய்வாள்? தம்பியை நம்பக் கூடாதென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணாடியே வராது. வந்தது வரட்டும் என்று வெட்டினால்?

பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. மருமகள் வெட்டினால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வந்த எண்ணுக்கு வெட்டினேன் என்பாள். மேஸ்திரி சாட்சி. டேப் அவள் இடுப்புக்குப் போய்விடும். அவள் பேசாமல் இருந்தாலே போதும். ஒன்பது வருஷம் கேட்டுக் கிடைக்காதது ஒரு காலைப்பொழுதில் கையில் வந்து விழும்.

"அவ இடத்துல நான் இருந்தா..." என்று கண்ணாடிக்காரம்மா வாய்விட்டே ஆரம்பித்தாள். அப்புறம் முடிக்காமல் விட்டுவிட்டாள். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா.

பதினோரு மணிக்கு லாரி முனகிக்கொண்டு மேடேறியது. மகன் ஓட்ட, பக்கத்தில் மருமகள். லாரி நிற்கும் முன்பே கண்ணாடிக்காரம்மா பின்பக்கம் தொற்றி ஏறிவிட்டாள். "அம்மா, விழுந்துடுவே!" என்று மகன் கத்தினான். அவள் டேப்பை உருவி முதல் கண்ணாடிமேல் வைத்தாள். அவசரத்தில் டேப் இரண்டு தடவை சுருண்டு ஓடியது. மூன்றாவது தடவை நின்றது.

அகலம் எண்ணூற்று எண்பத்தொன்று. உயரம் ஆயிரத்து நானூற்று ஒன்பது. சட்டத்துக்கு மூன்று, மூன்று குறைவு. அச்சு அசல்.

இரண்டாவது, மூன்றாவது என்று ஆறையும் அளந்தாள். ஆறும் சரி. லாரிமேல் நின்றபடியே, "எப்படிடீ?" என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் மருமகளை அவள் டீ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மருமகள் அதை மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உங்க உயரம் ஆறும் வந்துச்சு அத்தை, மொத்தமும் வந்துச்சு, கூட்டிப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. நீங்க கடைசியா என்னமோ கேட்டீங்க, அது மட்டும் கேக்கல."

"சரியான்னு கேட்டேன்."

"சரிதான். அப்புறம் மாமா வந்து பாடினார். ஆறையும் கூட்டினா அவர் சொன்ன மொத்தத்துக்குப் பதினெட்டு கம்மி. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் பதினெட்டு. மறக்கிற ஆளா இருந்தா ரெண்டாவது தடவை வேற மாதிரி தப்பு வரணும்ல? பதினெட்டு, ஆறு ஜன்னல். தலைக்கு மூணு. மூணுன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மாமா நம்ம பட்டறையில இருந்தவராச்சே!"

"மொத்தத்துல ஏண்டா கழிக்கல?" என்று கண்ணாடிக்காரம்மா தம்பியைப் பார்த்தாள்.

"மொத்தத்துக்குக் கண்ணாடி வெட்ட மாட்டாங்களேக்கா" என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

"ஆனா ஒரே எண்ணுல பதினெட்டு போயிருந்தா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரம்மா. கேட்கும்போதே தனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில் ஒரு பெருமை.

மருமகள் ரவிக்கைக்குள்ளிருந்து சுருங்கிப்போன ஒரு காகிதத்தை எடுத்தாள். நீல மை ஓடி மேகம்போல் பரவியிருந்தது. நடுவில் நாலாவது வரியில் ஒரே ஒரு எண் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. தொள்ளாயிரத்து இரண்டு.

"மாமா கூட்டுப்படி நாலாவது ஜன்னல் அகலம் எண்ணூத்தித் தொண்ணூத்தொன்பது வந்துச்சு. படகுக்காரர் சீட்டுல தொள்ளாயிரத்தி ரெண்டு. சரியா மூணு. பதினெட்டு ஒரே இடத்துல போயிருந்தா இங்க மூணு வருமா? மாமாவுக்கு எல்லாத்துலயும் மூணு திருப்பிக் குடுத்துட்டு வெட்டிட்டேன்."

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருவன் மூழ்கினான், ஒருவன் அறுந்தான், ஒருவன் உதவி செய்தான். மூன்று பேரும் அவரவரால் ஆனவரை கவிழ்த்துப் பார்த்தும் கண்ணாடி வந்து நிற்கிறது! லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மருமகளும் சிரித்தாள். தம்பி எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தான். தச்சர் அந்த நேரம் பார்த்து இழைப்புளியைக் கையில் எடுக்க, "வை அதை!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மூன்று மணிக்குள் ஆறு கண்ணாடியும் சட்டத்தில் உட்கார்ந்தன. தரையெல்லாம் லேசான பச்சை வெளிச்சம் விழுந்தது. மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப டேப் உங்ககிட்டயேதான்" என்றார்.

"பின்னே? யாருன்னு நினைச்சீங்க?" என்றாள் கண்ணாடிக்காரம்மா. சொன்னாளே தவிர, வழக்கமாக அதற்குப் பின்னால் வருகிற பத்து வாக்கியமும் வரவில்லை. மருமகளைப் பார்த்தாள். "ஏம்மா. நீ பேசாம வெட்டியிருந்தா டேப் உனக்கு வந்திருக்கும். தெரியும்ல?"

"பதினெட்டைப் பார்த்ததும் அதுதான் முதல்ல தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தப்பான அளவுக்கு என் கை ஓடுமா? அது உங்க பழக்கம் இல்ல அத்தை, என் பழக்கம். நீங்க கத்துக் குடுத்ததுன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க."

ஆரம்பிக்கத்தான் இருந்தாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். வாசல் கதவுக்கு மேலே அகலமாக ஒரு திறப்பு விட்டிருப்பதாகவும், அதற்குச் சாதாரணக் கண்ணாடியே போதும் என்றும், இப்போதே அளந்துகொண்டால் தேவலை என்றும் சொன்னார். மாமியார் கை இடுப்புக்குப் போனது. மருமகள் கை தன் புடவையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது.

இரண்டரை மீட்டர் திறப்பு. தனியாள் அளக்க முடியாது. ஒருத்தி முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி பெட்டியை இழுத்துக்கொண்டு போய் மறுசுவரில் எண்ணைப் படிக்க வேண்டும். கண்ணாடிக்காரம்மா ஏணியில் ஏறினாள். டேப்பின் கொக்கியைத் தன் கட்டைவிரலால் சுவரோடு அழுத்திக்கொண்டு, பெட்டியை மருமகளிடம் நீட்டினாள்.

"இழுத்துக்கிட்டுப் போய்ப் படி."

மருமகள் வாங்கியதும் ஒரு கணம் அது எவ்வளவு கனம் என்று பார்ப்பதுபோல் கையில் ஏந்தி நின்றாள். அப்புறம் மறுபக்க ஏணியில் ஏறி, டேப் தொய்யாமல் இழுத்து, கண்ணாடி போடாத கண்ணை அதன் மேல் கொண்டுபோய்ப் படித்தாள்.

"எவ்ளோ?" என்று இந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்காரம்மா கத்தினாள்.

மருமகள் எண்ணை வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"எவ்ளோன்னு கேக்கறேன்ல!"

"உங்களுக்கு எதுக்கு அத்தை? இனி நீங்கதானே மேசையில வெட்டப் போறீங்க. மாமாகிட்டப் பாடி அனுப்பறேன், கண்டுபிடிங்க."

"அடிப்பாவி!" என்றாள் கண்ணாடிக்காரம்மா. ஏணி ஆடியது. ஆனாலும் தன் பக்கத்து முனையை அவள் விடவில்லை.